வாங்கிய படைக்கலமும் வாராத கைவினையும்

படைக்கலம் வாங்கும் நாடுகள் பல. செய்து விற்கும் நாடுகள் சில. இவ்விரு சாராருக்கும் இடையே நடைபெறும் வாணிகத்தில் கடந்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வழக்கம் வேரூன்றி வந்திருக்கிறது. விமானமோ கப்பலோ தாங்கியோ விற்கும் நிறுவனம், விலையைப் பெற்றுக்கொள்வதோடு நின்றுவிட இயலாது. அவ்விலையின் ஒரு பகுதிக்கு ஒப்பான நன்மையை வாங்கும் நாட்டிற்குத் திரும்பச் செய்வதாகவும் அது எழுதிக் கொடுத்தல் வேண்டும். வாங்கும் நாட்டுத் தொழிற்சாலையில் உறுப்புக்களைச் செய்விக்கலாம், முதலீடு செய்யலாம், தொழினுட்பத்தைக் கற்றுக்கொடுக்கலாம், அந்நாட்டுப் பொருள்களை வாங்கலாம். இதனை மேலைநாட்டார் 'ஆப்செற்' என்பர். நாம் ஈட்டு உடன்படிக்கை எனலாம். விற்ற படைக்கலத்தோடு தொடர்புடைய வேலையைக் கொடுத்தால் அது நேர் ஈடு. தொடர்பில்லாத வேறு நன்மையைக் கொடுத்தால் அது புற ஈடு.

பெயர் புதிதாயினும் இதன் அடியிலுள்ள வினா மிகப் பழையது. கருவூலத்துப் பொன்னைக் கொட்டிப் போர்க்கருவி வாங்கிய நாட்டின் கையில், அக்கருவி தேய்ந்தழிந்த பின்னர் மிஞ்சுவது என்ன? வரலாற்றிலே இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகள் சிலவற்றை இன்று நோக்குவோம். நாம் வாழும் வன்னியிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

பழங்காலத்தில் யானை ஒரு படைக்கலம். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையுள் மதிலை மோதிச் சாய்க்க வல்லது அதுவே. இலங்கை யானைகள் பெருநிலத்து யானைகளிலும் பெரியன என்றும், தீவினர் அவற்றைப் பெரிய மரக்கலங்களில் ஏற்றிச் சென்று கலிங்க மன்னனுக்கு விற்றனர் என்றும் ஈலியன் என்பார் கிரேக்க மொழியில் எழுதி வைத்துள்ளார். ஆகவே, நம் தீவு ஒரு காலத்தில் போர்க்கருவி வாங்கும் நாடாக மட்டுமன்றி விற்கும் நாடாகவும் விளங்கிற்று.

பிற்காலத்தில் நிலை மாறிற்று. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் அதனை அவர்களிடமிருந்து பறித்தனர். இவ்விரு ஆட்சியிலும் வன்னித் தலைவர்கள் திறையாகச் செலுத்த வேண்டியிருந்தவற்றுள் தலையாயது யானை. பனங்காமம் முதலிய பற்றுக்களின் காடுகளிற் பிடிபட்ட யானைகள், இன்றும் அவற்றின் நினைவைப் பெயரிலே தாங்கி நிற்கும் ஆனையிறவின் ஆழமற்ற நீரைக் கடந்து குடாநாட்டிற்குச் சென்றன, ஊர்காவற்றுறையிலே கப்பலேறின. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் யாழ்ப்பாணம் வந்து அவற்றை வாங்கினர். 1697இல் பதவி நீங்கிய ஒல்லாந்தத் தளபதி சுவார்டெக்ரூன் தமக்குப் பின் வருவோர்க்கு எழுதிய நீண்ட குறிப்புரையில், வன்னியர் செலுத்தாது வைத்திருந்த யானைத் திறையைப் பற்றிய கவலையும் இடம்பெறுகின்றது.

இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. யானையைப் பிடிக்கும் கலையில் வல்லவர்கள் இம்மண்ணின் மக்கள். பணிக்கர் எனப்பட்ட யானை பிடிப்போரின் திறமையை ஆங்கிலேயர் காலத்து நூலாசிரியரும் வியந்து எழுதினர். பொருள் நம்முடையது, கைவினையும் நம்முடையது, விலை மட்டும் கும்பனியுடையது. கைவினை இருந்தும் பேரம் பேசும் நிலை இல்லையாயின் பயன் இல்லை என்பதற்கு வன்னி யானைகளே சான்று.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியைப் பாக்குநீரிணைக்கு அப்பால், பாண்டிய நாட்டிலே காண்கிறோம். அங்கே பேரம் பேசும் பொன் நிரம்ப இருந்தது, கைவினை இல்லை.

தமிழ்நாட்டின் தட்பவெப்பம் போர்க்குதிரை வளர்ப்பிற்கு ஏற்றதன்று. சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கின. குதிரை வாங்க அரசன் கொடுத்த பொருளைக் கோயிற் பணிக்குச் செலவிட்ட அமைச்சர் மாணிக்கவாசகரின் கதையை நாம் சிறுவயது முதற் கேட்டு வருகிறோம். நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததும், இரவிலே மீண்டும் நரிகளானதும் திருவிளையாடலாகப் போற்றப்படுவன. பத்தி நெறியை ஒருபுறம் வைத்து வரலாற்று மாணவராக நோக்கினால், அக்கதையின் பின்னணியில் ஓர் உலகியல் உண்மை தெரிகின்றது. பாண்டியன் கருவூலத்தின் பெரும்பகுதி கடற்கரைக்குச் சென்று, அயல்நாட்டு வணிகர் கையிற் குதிரை விலையாகக் கரைந்தது. வாங்கிய குதிரை நல்லதுதானா என்று அறியும் ஆற்றல் அரண்மனைக்கு இல்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், இவ்வாணிகம் உச்ச நிலையை அடைந்தது. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் தரும் கணக்கு வியப்பூட்டுவது. கீசுத் தீவின் தலைவர் சமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்புவதாக உடன்படிக்கை செய்திருந்தார். ஒவ்வொரு குதிரைக்கும் விலை 220 செம்பொன் தீனார். பெருக்கிப் பார்த்தால் ஆண்டொன்றுக்கு 308,000 தீனார் ஆகும். அம்மட்டோ! வழியிற் கடலிலே குதிரை இறந்தாலும் அதன் விலையைப் பாண்டியன் கருவூலமே கொடுத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. சமாலுத்தீனின் உடன்பிறந்தாரான தக்கியுத்தீனே பாண்டிய மன்னனின் அமைச்சராகவும் காயல் முதலிய துறைமுகங்களுக்குப் பொறுப்பாளராகவும் இருந்தார். விற்பவர் தமையன், வாங்குபவரின் ஆலோசகர் தம்பி. இத்தகைய உடன்படிக்கையில் யாருடைய நலன் ஓங்கியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்திற் காயலுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ இன்னும் ஒரு செய்தியைச் சொல்கிறார். மன்னன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறான். அவன் உடன்பிறந்தார் நால்வரும் அவ்வாறே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறு குதிரைகளேனும் உயிரோடு எஞ்சுவதில்லை. காரணம் யாது? குதிரையைப் பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியாது. இலாடம் கட்டவும் நோய் தீர்க்கவும் அறிந்தவர்களை வணிகர்கள் உடன் அழைத்து வருவதில்லை. தாமாகவே வர விரும்புவோரையும் அவர்கள் தடுத்துவிடுகின்றனர். குதிரை இறந்தாலன்றோ அடுத்த ஆண்டு மீண்டும் விற்க முடியும்!

பயணியின் கூற்றிலே மிகை இருக்கலாம். ஆயினும் குதிரைகளுக்கு வறுத்த தானியமும் நெய் கலந்த உணவும் காய்ச்சிய பாலும் கொடுத்தனர் என்று வசாப்பும் கூறுவதால், பேணும் முறையில் இருந்த குறை உண்மையே எனலாம். குதிரை வந்தது, இலாடம் கட்டுவோன் வரவில்லை. பொருள் கைமாறிற்று, அறிவு கைமாறவில்லை. ஈட்டு உடன்படிக்கை எந்நோயைத் தீர்க்க எழுந்ததோ, அந்நோயின் இலக்கணத்தைக் காயல் துறைமுகத்திலே முழுமையாகக் காண்கிறோம்.

பொன்னைக் கொடுத்துப் பொருள் பெறுவது ஒரு வகை. பொருளைக் கொடுத்துப் பொருள் பெறும் பண்டமாற்று இன்னொரு வகை. இதற்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1952ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட இறப்பர் அரிசி உடன்படிக்கையே அது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இறப்பர் போருக்கு இன்றியமையாத பொருள்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. அதனைச் சீனாவுக்கு விற்கும் நாட்டிற்கு உதவி வழங்கலாகாது என்று அமெரிக்கச் சட்டம் கூறிற்று. இலங்கையிலோ அரிசிப் பஞ்சம். வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க முன்னின்று செய்த அவ்வுடன்படிக்கையின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் சீனாவுக்கும் 270,000 தொன் அரிசி இலங்கைக்கும் செல்ல இணக்கம் ஏற்பட்டது. சந்தை விலையினும் உயர்ந்த விலை நம் இறப்பருக்குக் கிடைத்தது. சிறிய நாடாயினும், தன்னிடமுள்ள பொருளின் அருமையை அறிந்து பேரம் பேசினால் நன்மை பெறலாம் என்பதை அது காட்டிற்று. எனினும் வந்தது அரிசி, சென்றது இறப்பர். கைவினை எதுவும் இப்பக்கமோ அப்பக்கமோ செல்லவில்லை.

பொருளோடு கைவினையையும் கேட்டுப் பெறும் மூன்றாவது வகை, இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஐரோப்பாவிலே உருவாயிற்று. மேற்கு ஜேர்மனியில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையின் செலவால் அமெரிக்காவின் டொலர் வெளியேறியது. அதனை ஈடுசெய்ய, மேற்கு ஜேர்மனி அமெரிக்கப் படைக்கலங்களை வாங்குவதென 1961இல் உடன்பாடு ஏற்பட்டது. ஆப்செற் என்னும் சொல் அரசியல் வழக்கிலே பெரிதும் அடிபடத் தொடங்கியது அப்போதுதான். அங்கே ஈடு கேட்டவர் விற்பவர். பின்னர் வாங்குவோரும் அச்சொல்லைக் கைக்கொண்டனர்.

1975ஆம் ஆண்டில் பெல்சியம், தென்மார்க்கு, நெதர்லாந்து, நோர்வே ஆகிய நான்கு நாடுகளும் ஒன்றுசேர்ந்து 348 எப்-16 போர் விமானங்களை அமெரிக்காவிடம் வாங்க முடிவு செய்தன. தனித்தனியே கேட்டிருந்தால் அவை சிறிய வாடிக்கையாளர்களே. நால்வரும் ஒருங்கே நின்றமையால் விற்பவர் இணங்க நேர்ந்தது. தாம் வாங்கும் விமானங்களின் பெறுமதியில் 40 விழுக்காடு, அமெரிக்க வான்படை முதலில் வாங்கும் 650 விமானங்களின் பெறுமதியில் 10 விழுக்காடு, பிற நாடுகளுக்கு விற்பனவற்றில் 15 விழுக்காடு என்ற அளவில் அவற்றின் தொழிற்சாலைகளுக்கு வேலை கிடைத்தது. பெல்சியத்திலும் நெதர்லாந்திலும் விமானங்களைப் பொருத்தி முடிக்கும் சாலைகள் இயங்கின. இங்கே பேரம் பேசும் வலிமையும், கற்றுக்கொள்ளத் தகுதி பெற்ற தொழிலாளரும் ஒருங்கே இருந்தமை நோக்கற்பாலது.

தமிழ் மண்ணில் இம்மூன்றாம் வகைக்குரிய இடம் ஆவடி. சென்னைக்கு மேற்கேயுள்ள அவ்வூர், 1955 சனவரியில் நடைபெற்ற காங்கிரசு மகாநாட்டினால் இந்தியா முழுவதும் அறியப்பட்டது. சமதர்ம பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று அங்கே தீர்மானித்தனர். சில ஆண்டுகளுக்குள் அதே ஊர் தாங்கி செய்யும் ஊராயிற்று. 1961இல் இந்திய அரசு பிரித்தானிய விக்கர்சு நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தது. முதலிற் சில தாங்கிகள் இங்கிலாந்திற் செய்யப்பட்டு வரும்; அவ்வேளையிலேயே ஆவடியில் தொழிற்சாலை எழும்; பின்னர் இந்தியத் தொழிலாளரே படிப்படியாக உறுப்புக்களைச் செய்வர் என்பது திட்டம். 1965 திசெம்பரில் முதலாவது தாங்கி ஆவடியிலிருந்து வெளிவந்தது. அதற்கு விசயந்தா என்று பெயர். 1971ஆம் ஆண்டுப் போரில் அது களங்கண்டது. பிற்காலத்தில் சோவியத்து நாட்டின் டி-72 தாங்கியும் அதன் பின் இரசியாவின் டி-90 தாங்கியும் அங்கேயே உரிமம் பெற்றுச் செய்யப்பட்டன. அர்ச்சுன் என்னும் உள்நாட்டுத் தாங்கியும் ஆவடியில் உருவாயிற்று. 2021இல் இந்தியப் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரச நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கவச ஊர்திகளுக்கான நிறுவனத்தின் தலைமையகமும் ஆவடியிலேயே அமைந்தது.

ஆவடியின் வரலாற்றில் நிறைவும் உண்டு, குறையும் உண்டு. காயலுக்கு வாராத இலாடக்காரன் ஆவடிக்கு வந்தான். ஆயினும் அவன் தன் பெட்டியிலிருந்த எல்லாக் கருவிகளையும் திறந்து காட்டவில்லை. உரிமத்தின்படி ஒரு பொருளைச் செய்யக் கற்பது வேறு. அதனை ஏன் அவ்வாறு செய்ய வேண்டுமென அறிவது வேறு. டி-90 தாங்கியின் பீரங்கிக் குழல், கவசம் ஆகியவற்றின் நுட்பம் முழுமையாகக் கைவரவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது இதனாலேதான். விற்பவன் தன் இறுதி இரகசியத்தை விற்பதில்லை. அதனைத் தானே ஆராய்ந்து கண்டுகொள்ளும் ஆற்றலை வாங்குபவன் வளர்த்துக்கொள்ளல் வேண்டும்.

2005ஆம் ஆண்டில் இந்தியா ஈட்டு முறையைப் படைக்கலக் கொள்வனவு விதிகளுள் ஒன்றாக்கியது. 300 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கொள்வனவாயின், 30 விழுக்காட்டுப் பெறுமதியை விற்பவர் இந்தியாவில் ஈடு செய்தல் வேண்டும் என்பது விதி. 2016இல் அவ்வெல்லை 2,000 கோடியாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் பிரான்சிடம் 36 இரபேல் விமானங்களை ஏறத்தாழ 59,000 கோடி ரூபாவுக்கு வாங்கிய உடன்படிக்கையில் ஈட்டின் அளவு 50 விழுக்காடு ஆயிற்று.

எழுத்தில் இருந்தது செயலில் வந்ததா? இந்தியக் கணக்காய்வாளர் தலைமையதிபதியின் அறிக்கையொன்று 2020 செப்தெம்பரில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2005 முதல் 2018 மார்ச்சு வரை 66,427 கோடி ரூபாப் பெறுமதியான 46 ஈட்டு உடன்படிக்கைகள் செய்யப்பட்டிருந்தன. 2018 முடிவிற்குள் 19,223 கோடி ரூபாவுக்கு ஈடு செய்திருக்க வேண்டும். செய்துவிட்டதாக விற்பனையாளர் கூறியது 11,396 கோடி. அதனுள்ளும் அமைச்சு ஏற்றுக்கொண்டது 5,457 கோடி மட்டுமே. உயர்ந்த தொழினுட்பத்தை இந்தியத் தொழிலுக்குக் கொடுத்த நிகழ்ச்சி ஒன்றையேனும் காண முடியவில்லை என்றும் அறிக்கை குறை கூறிற்று. நம் காவிரியின் பெயரைத் தாங்கிய விமானப் பொறி ஒன்றை இந்தியர் நெடுங்காலமாக உருவாக்கி வந்தனர். அதற்குரிய நுட்பத்தைத் தருவதும் இரபேல் ஈட்டின் ஒரு பகுதியாக முன்மொழியப்பட்டிருந்தது. அறிக்கை எழுதப்பட்ட வேளை வரை அதுவும் உறுதியாகவில்லை. அவ்வாண்டு வெளியான புதிய விதிகள், அரசுக்கும் அரசுக்கும் இடையே நேரடியாக நடக்கும் கொள்வனவுகளுக்கு ஈட்டு நிபந்தனையையே நீக்கிவிட்டன.

ஏன் இந்நிலை? ஈட்டு உடன்படிக்கை கணக்கேட்டில் வாழ்வது. சிறு தொழிலகத்திற்குக் கொடுத்த வேலையை ஒன்றரை மடங்காகவும், உயர் நுட்பம் கொடுத்தால் மும்மடங்கு வரையும் எழுதிக்கொள்ளலாம் என்று இந்திய விதிகள் இடம் கொடுத்தன. நோக்கம் நல்லதே. ஆனால் ஏட்டில் வளர்வது எண். பட்டறையில் வளர்வதே கைவினை. மேலும் ஈடு இலவசமன்று. திரும்பக் கொடுக்க வேண்டியதை விற்பவர் முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுவர் என்பது வாணிக உலகம் அறிந்ததே.

தென்னாபிரிக்கா 1999இல் போர்க்கப்பலும் நீர்மூழ்கியும் விமானமும் வாங்கியபோது, 65,000 வேலைகள் கிடைக்கும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. அவ்வாக்கும் அக்கொள்வனவும் பல ஆண்டுகள் அந்நாட்டின் அரசியலைக் கலக்கின. குற்றமொன்றும் காணாத விசாரணை ஆணைக்குழுவின் முடிவுகளை 2019இல் நீதிமன்றமே தள்ளிவிட்டது. சாதாரண அரச கொள்வனவுகளில் ஈடு கேட்கலாகாது என்று உலக வர்த்தக அமைப்பின் அரச கொள்வனவு உடன்படிக்கை தடுக்கின்றது. பாதுகாப்புக் கொள்வனவுக்கு மட்டும் விலக்கு உண்டு. மறைவு மிகுந்த துறைக்கே இவ்விலக்கு அமைந்திருப்பது சிந்திக்கத் தக்கது.

ஆகவே, ஈட்டு உடன்படிக்கை தீதென்று ஒதுக்கவேண்டியதுமன்று, மந்திரமென்று நம்பவேண்டியதுமன்று. அது பயன்தர மூன்று வேண்டும். முதலாவது, பேரம் பேசும் நிலை. திறை கொடுத்த வன்னிக்கு அது இல்லை. ஒன்றுகூடிய நான்கு ஐரோப்பிய நாடுகளுக்கு அது இருந்தது. இரண்டாவது, கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் கல்வி. பாண்டியனிடம் பொன் இருந்தும் அது இல்லை. மூன்றாவது, வந்ததா இல்லையா என்று துணிந்து கணக்குக் கேட்கும் அமைப்பு. இந்தியக் கணக்காய்வாளரின் அறிக்கை கசப்பானதாயினும், அதனை வெளியிட முடிந்ததே அந்நாட்டின் வலிமை.

நேயர்களே, வன்னியில் வாழும் நமக்கு இப்பேச்சு வெறும் வாணிக வரலாறன்று. உலகின் பல நாடுகளிற் செய்யப்பட்ட படைக்கலங்கள் இம்மண்ணில் வந்து வெடித்தன. 2009இல் போர் முடிந்தும், கண்ணிவெடி அகற்றுவோர் ஆண்டுக்கணக்காக நம் வயல்களிலும் காடுகளிலும் முழந்தாளிட்டு மண்ணைத் துழாவினர். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 திசெம்பரிற் சேர்ந்தது. காலிழந்தவரும் காணியிழந்தவரும் பிள்ளையை இழந்தவரும் எந்நாட்டின் ஈட்டுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. ஈடு என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இழப்பை நிரப்புதல் என்றும் பொருளுண்டு. அப்பொருளை இவ்வாணிகம் அறியாது. ஆதலின் படைக்கலம் வாங்குவதற்கு முன், வாங்கத்தான் வேண்டுமா என்ற வினாவே முதல் வினாவாக இருத்தல் நன்று.

ஆனால் ஈட்டு உடன்படிக்கை கற்பிக்கும் பாடம் படைக்கலத்திற்கு மட்டும் உரியதன்று. நீரிறைக்கும் பொறி, உழவு இயந்திரம், மருத்துவமனைக் கருவி, காற்றாலை என நாம் வெளியிலிருந்து பெறுவன பல. அவை வந்திறங்கும் நாளில் மாலையிட்டு வரவேற்கிறோம். சிறு உறுப்பொன்று தேய்ந்ததும் அவை மூலையில் நிற்கின்றன. குதிரை வாங்கிய பாண்டியனை நாம் நகைக்கலாகாது. எப்பொருள் வந்தாலும் அதனைத் திருத்த யார் கற்கப்போகிறார், எங்கே கற்கப்போகிறார் என்று கேட்டுப் பழகுதல் வேண்டும்.

அவ்வாறு கற்கும் இடங்கள் இன்று நம்மிடையே உள. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையம் 2016 முதல் அங்கே இளைஞர்க்குக் கைவினை பயிற்றுகின்றது. 2021இல் வவுனியாவும் தனிப் பல்கலைக்கழகம் பெற்றது. பாடசாலைகளில் உயர்தரத் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கிற்று. பிள்ளைகளின் எண்ணெய் படிந்த கைகளைத் தாழ்வாக எண்ணும் பெற்றோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். மருத்துவரும் வழக்கறிஞரும் ஒரு சமுதாயத்திற்கு வேண்டும். பழுதான பொறியைப் பிரித்துப் பார்த்து அதன் காரணத்தை அறிபவனும் அதே அளவிற்கு வேண்டும். அவனைப் பெற்றிருக்கும் நாட்டிற்கே பிறர் கற்பிப்பதும் பயன்படும். பிறர் கற்பிக்க மறுத்தாலும் அந்நாடு தானே கற்றுக்கொள்ளும்.